லிஸ்ட்ல இல்லாத நாலாவது ஆளு: சர்வீஸ்களுக்கு எதுக்கு கவர்னன்ஸ்?

மைக்ரோசர்வீஸ் பத்திப் பேசுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கீங்க. பேசிடலாம். ஆனா ஒரு விஷயம். மைக்ரோசர்வீஸ் எப்படிக் கட்டுறதுன்னு சொல்றதுக்கு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. கட்டி முடிச்சதுக்கு அப்புறம் அதை வெச்சு எப்படிக் குடித்தனம் நடத்துறதுன்னு சொல்றவங்கதான் கம்மி. இன்னைக்கு அதைப் பேசுவோம்.

இதுக்கு ஒரு பெரிய பேர் உண்டு, சர்வீஸ் கவர்னன்ஸ். கேட்டதுமே கொட்டாவி வருதுல்ல? பாலிசி, கமிட்டி, அப்ரூவல், ஐம்பது பக்க டாக்குமெண்ட், இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு பொங்கல் வாரம் வரைக்கும்.

அந்தப் பொங்கல் வாரம்

சில வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு கம்பெனியில இருந்தேன். பேர் வேண்டாம். கடைக்காரங்க அவங்க பொருளை நம்ம ஆப்ல விப்பாங்க, நாங்க டெலிவரி பண்ணி, வாரா வாரம் அவங்களுக்குப் பணத்தை செட்டில் பண்ணுவோம். நான் இருந்தது ஆர்டர் டீம். ஒரு ஆர்டர் இப்போ எந்த நிலையில இருக்குன்னு யார் கேட்டாலும் பதில் சொல்றது எங்க சர்வீஸோட வேலை. வந்துச்சு, கிளம்பிடுச்சு, டெலிவரி ஆயிடுச்சு, கேன்சல். மொத்தம் நாலே நாலு பதில்தான்.

ஒரு நாள் புது ரெக்வயர்மெண்ட் வந்துச்சு. அஞ்சு பொருள் ஆர்டர் பண்ணி, அதுல ஒண்ணு ஸ்டாக் இல்லைன்னா, மிச்ச நாலை அனுப்பணும். அதுக்கு அஞ்சாவதா ஒரு பதில் வேணும், "பகுதி டெலிவரி"ன்னு வெச்சுக்கங்க. சின்ன வேலை. எங்க டீம்ல சேர்ந்து மூணு மாசமே ஆன ஒரு பொண்ணு அதை எழுதினா. நல்லா டெஸ்ட்டும் எழுதியிருந்தா. "அண்ணா, இதை யாரெல்லாம் யூஸ் பண்றாங்க?"ன்னு என்கிட்ட கேட்டா. "மூணு டீம், நான் சொல்லிடுறேன்"னேன். சொன்னேன். அவங்களும் சரின்னாங்க. ரிவியூ அப்ரூவ் பண்ணது நான்தான். திங்கட்கிழமை டெப்ளாய் ஆச்சு. எந்த எர்ரரும் இல்லை, எந்த அலாரமும் அடிக்கலை.

வியாழக்கிழமை காலைல கஸ்டமர் சப்போர்ட்டுக்கு ஒரு கடைக்காரர் போன். "தம்பி, பொங்கலுக்குப் பசங்களுக்கு போனஸ் குடுக்கணும். இந்த வாரப் பணம் பாதிதான் வந்திருக்கு." அதுக்கப்புறம் இன்னொருத்தர். மத்தியானத்துக்குள்ள நூறு பேருக்கு மேல.

என்ன நடந்திருக்குன்னா, எங்க சர்வீஸை யூஸ் பண்றது மூணு பேர் இல்லை, நாலு பேர். அந்த நாலாவது ஆள், ராத்திரி ராத்திரி ஓடுற ஒரு செட்டில்மெண்ட் ஸ்கிரிப்ட். எழுதினவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. அது இன்னொரு டீமோட டோக்கனை காப்பி பண்ணி வெச்சுட்டு எங்களைக் கூப்பிட்டுட்டு இருந்துச்சு. அதனால எங்க லாக்ல பார்த்தா அந்த இன்னொரு டீம் கூப்பிடுற மாதிரிதான் தெரியும். அந்த ஸ்கிரிப்ட்டோட லாஜிக் ரொம்ப சிம்பிள். "டெலிவரி ஆயிடுச்சு"ன்னு பதில் வந்தா பணம் அனுப்பு, வேற எது வந்தாலும் நிறுத்தி வை. அஞ்சாவது பதில் அதுக்கு "வேற எது"தான். பொருள் போய்ச் சேர்ந்துடுச்சு, பணம் போய்ச் சேரலை.

பணத்தை அடுத்த நாளே அனுப்பிட்டோம். ஆனா பேங்க் லீவு நடுவுல வந்ததால சில பேருக்குப் பொங்கல் முடிஞ்சுதான் போச்சு. அது ஒரு வருத்தம். அதை விட எனக்கு இன்னும் உறுத்துறது அதுக்கப்புறம் வந்த மெயில். "மூல காரணம்: மனிதத் தவறு"ன்னு போட்டு, பக்கத்துல அந்தப் பொண்ணோட பேரைப் போட்டிருந்தாங்க. என் பேர் இல்லை. நான் ரிப்ளை பண்ணி "அப்ரூவ் பண்ணது நான், மூணு டீம்னு சொன்னதும் நான்"ன்னு எழுதியிருக்கணும். எழுதலை. ஒரு நாள் தள்ளிப் போட்டேன், அப்புறம் லேட் ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன். ஆறு மாசத்துல அவ கம்பெனி மாறிட்டா.

ஏன் இதைச் சொல்றேன்னா, அவ தப்பு பண்ணலை. அவ மீறின விதின்னு ஒண்ணு அங்க இல்லவே இல்லை. ஒரு சர்வீஸோட பதில் மாறினா யாருக்குச் சொல்லணும், யாரெல்லாம் கூப்பிடுறாங்கன்னு எங்க பார்க்கணும், தெரியாத பதில் வந்தா கூப்பிடுறவன் என்ன செய்யணும், எதுவுமே எழுதி வைக்கலை. விதி இல்லாத இடத்துல ஏதாவது உடைஞ்சா, பழி கடைசியா கை வெச்ச ஆள் மேல விழும். அது பெரும்பாலும் டீம்லயே சின்ன ஆளா இருக்கும். கவர்னன்ஸ் பாலிசிங்கிறதை நான் இப்போ இந்தக் கண்ணோட்டத்துலதான் பார்க்கிறேன். அது கோடு எழுதுறவங்களைக் கட்டிப்போடுறதுக்கு இருக்கிறது இல்லை, அவங்களைத் தனியா மாட்ட விடாம இருக்கிறதுக்கு இருக்கிறது.

நாப்பத்தஞ்சு நிமிஷம்

இது நம்ம ஊர் கம்பெனிகள்ல மட்டும் நடக்குதுன்னு நினைக்காதீங்க. இதோட பெரிய அண்ணன் கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில ஒரு புதுத் திட்டம் ஆரம்பிக்குது. அதுக்காக நைட் கேப்பிடல் அவங்களோட ஆர்டர் அனுப்புற சிஸ்டத்தை மாத்துறாங்க.

அந்த சிஸ்டத்துல "பவர் பெக்"னு ஒரு பழைய வசதி இருந்துச்சு. 2003-லயே அதைப் பயன்படுத்துறதை நிறுத்திட்டாங்க. ஆனா கோடை மட்டும் எடுக்கலை, அப்படியே உள்ள கிடந்துச்சு. புது வசதியை எழுதினப்போ, பழைய பவர் பெக்கை ஆன் பண்ண வெச்சிருந்த அதே ஃப்ளாகை எடுத்து இதுக்கு உபயோகப்படுத்திக்கிட்டாங்க. மொத்தம் 8 சர்வர். 7-ல புது கோடு போயிடுச்சு. ஒண்ணுல காப்பி பண்ண விட்டுப்போச்சு.

காலைல மார்க்கெட் திறந்ததும், அந்த எட்டாவது சர்வருக்கு ஃப்ளாக் வருது. அதுக்குத் தெரிஞ்ச அர்த்தம் பழைய அர்த்தம்தான். உடனே பவர் பெக் எழுந்துருச்சு. ஆர்டர் நிறைவேறிடுச்சான்னு எண்ணி நிறுத்துற பகுதியை 2005-லயே வேற இடத்துக்கு மாத்தியிருந்தாங்க, அதனால நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அது பாட்டுக்கு ஆர்டர் அனுப்பிட்டே இருந்துச்சு. வாடிக்கையாளர்கள் கிட்ட இருந்து வந்தது 212 சின்ன ஆர்டர். 45 நிமிஷத்துல 40 லட்சத்துக்கு மேல வர்த்தகம் நடந்திருச்சு. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல.

நடுவுல இன்னொரு கொடுமை. பிரச்சினை புது கோடுலதான்னு நினைச்சு, சரியா இருந்த 7 சர்வர்ல இருந்தும் புது கோடை எடுத்துட்டாங்க. அங்கயும் பவர் பெக் எழுந்துருச்சு. அன்னைக்கு மார்க்கெட் திறக்கிறதுக்கு முன்னாடியே சிஸ்டம் தானா 97 மெயில் அனுப்பியிருக்கு, பவர் பெக் பேரைச் சொல்லியே. அதை எச்சரிக்கையா பார்க்கணும்னு யாருக்கும் சொல்லலை, அதனால யாரும் பார்க்கலை.

இந்தக் கதையை நிறைய பேர் "ஒரு டெக்னீஷியன் ஒரு சர்வரை மறந்துட்டான், கம்பெனி போச்சு"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. அமெரிக்க பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அப்படி முடிக்கலை. 2013 அக்டோபர்ல அவங்க போட்ட உத்தரவுல, டெப்ளாய் பண்ணதை இரண்டாவது ஒருத்தர் சரிபார்க்கலை, அப்படிச் சரிபார்க்கணும்னு எழுத்துல எந்த நடைமுறையும் இல்லைன்னு சொல்றாங்க. அபராதம் 1 கோடியே 20 லட்சம் டாலர், நிறுவனத்துக்கு. அந்த டெக்னீஷியன் பேர் அந்த உத்தரவுல இல்லை.

எனக்கு வந்த மெயிலையும் இந்த உத்தரவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் நடந்தது ஒண்ணுதான். ரெண்டு பக்கம் பேசிக்கிற ஒரு வார்த்தையோட அர்த்தம் மாறியிருக்கு, ஒரு பக்கத்துக்கு அது தெரியலை. ஆனா ஒரு இடத்துல கேட்ட கேள்வி "யார் பண்ணது?" இன்னொரு இடத்துல கேட்ட கேள்வி "இதைத் தடுத்திருக்க வேண்டிய விதி எங்கே?"

கமிட்டி காலமும் சுதந்திர காலமும்

சரி, அப்போ ஏன் நம்ம ஆளுங்களுக்கு கவர்னன்ஸ்னாலே அலர்ஜி? அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

2000-க்கு அப்புறம் எஸ்ஓஏ, அதாவது சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சர், பெரிய பேச்சா இருந்துச்சு. எல்லா சர்வீஸும் ஒரு பொதுப் பதிவேட்டுல பேர் குடுக்கணும், வேணும்னா அங்க போய்த் தேடி எடுத்துக்கலாம்னு கனவு கண்டாங்க. யூடிடிஐன்னு அதுக்கு ஒரு ஸ்டாண்டர்டு. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூணும் சேர்ந்து உலகத்துக்கே பொதுவான ஒரு பதிவேட்டை நடத்தினாங்க. 2006 ஜனவரியில அதை மூடிட்டாங்க. கம்பெனிகளுக்கு உள்ள என்னாச்சுன்னா, பதிவேடு, ரிவியூ போர்டு, டெம்ப்ளேட், கையெழுத்து. ஒரு ஃபீல்டு சேர்க்கணும்னா அடுத்த மீட்டிங் வரைக்கும் காத்திருக்கணும். விதிகள் டாக்குமெண்ட்ல இருக்கும், கோடு வேற எங்கயோ இருக்கும்.

2014-ல ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் மைக்ரோசர்வீஸ் பத்தி எழுதின கட்டுரை வந்துச்சு. அதுல ஒரு அம்சமா பரவலாக்கப்பட்ட கவர்னன்ஸைச் சொன்னாங்க. ஒவ்வொரு டீமும் அவங்க வேலைக்கு ஏத்த கருவியை அவங்களே முடிவு பண்ணலாம். நல்ல யோசனை. ஆனா நிறைய இடத்துல "பரவலாக்கப்பட்ட"ங்கிற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு "கவர்னன்ஸ்"ங்கிற வார்த்தையை விட்டுட்டாங்க. எந்த லாங்குவேஜ்ல எழுதுறதுங்கிறது டீமோட சொந்த விஷயம். பக்கத்து டீமுக்கு என்ன பதில் சொல்றோங்கிறது சொந்த விஷயம் இல்லை.

அப்பார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு இது டக்குனு புரியும். உங்க வீட்டுச் சுவருக்கு என்ன பெயிண்ட்னு அசோசியேஷன் கேட்டா கோபம் வரும். ஆனா தண்ணி மோட்டர் எப்போ போடுறது, குப்பையை எங்க வைக்கிறதுன்னு விதி இல்லைன்னா ஒரு வாரம் தாங்காது. நல்ல கவர்னன்ஸ் மோட்டரையும் குப்பையையும் பார்த்துக்கும், பெயிண்ட்டைக் கேக்காது.

நம்ம பாக்கெட்ல இருக்கிற உதாரணம்

நாம தினம் டீக்கடையில ஸ்கேன் பண்றோமே யூபிஐ, அது இந்தியாவுலயே பெரிய சர்வீஸ் ஓரியண்டட் சிஸ்டம்கள்ல ஒண்ணு. நீங்க பத்து ரூபா அனுப்பினா, உங்க ஆப், அந்த ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற பேங்க், நடுவுல என்பிசிஐ, உங்க கணக்கு இருக்கிற பேங்க், டீக்கடை அண்ணனோட பேங்க், இத்தனை பேர் பேசிக்கணும். எல்லாம் வேற வேற நிறுவனம். ஒருத்தர் கோடை இன்னொருத்தர் பார்க்க முடியாது. அங்க ஒத்துப்போக வைக்கிறது விதிகள் மட்டும்தான்.

2025 ஏப்ரல் 12-ஆம் தேதி யூபிஐ சில மணி நேரம் தடுமாறுச்சு, ஞாபகம் இருக்கா? அதுக்குச் சொல்லப்பட்ட காரணம் சுவாரஸ்யமானது. பணம் அனுப்புற ரெக்வெஸ்ட் அதிகமானதால இல்லை. "அந்தப் பரிவர்த்தனை என்னாச்சு?"ன்னு நிலவரம் கேக்கிற ஏபிஐ கால்கள் சில பேங்குகள் கிட்ட இருந்து வெள்ளமா வந்துச்சு. பழைய பரிவர்த்தனைகளுக்கும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க.

இது ஏன் நடக்குதுன்னு ஒரு சின்ன கணக்கு போடுவோம். பதில் வரலைன்னா மொத்தம் மூணு தடவை முயற்சி பண்ணுன்னு நீங்க உங்க சர்வீஸ்ல எழுதுறீங்க. நியாயம்தான். உங்களுக்கு அடுத்த சர்வீஸும் அதே மாதிரி மூணு தடவை. அதுக்கு அடுத்ததும் மூணு. கடைசியில இருக்கிற சர்வீஸ் ஏற்கெனவே மூச்சு வாங்கிட்டு இருக்கும்போது, மேல இருந்து வந்த ஒரே ஒரு கேள்விக்கு அது 27 தடவை அடி வாங்கும். ஒவ்வொருத்தரும் தனித்தனியா சரியாத்தான் எழுதியிருக்காங்க. சேர்த்துப் பார்த்தா தப்பு. இந்த மாதிரித் தப்பை ஒரு டீம் தனியா உக்காந்து கண்டுபிடிக்கவே முடியாது. மேல இருந்து மொத்தத்தையும் பார்த்து யாராவது எல்லை போடணும்.

என்பிசிஐ போட்டாங்க. ஒரு பரிவர்த்தனையோட நிலவரத்தை மூணு தடவைக்கு மேல கேக்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் 1-லிருந்து, ஒரு ஆப்ல ஒருத்தர் ஒரு நாளைக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பார்க்கலாம். மொபைல் நம்பரோட இணைஞ்ச கணக்குப் பட்டியலை 25 தடவைதான் எடுக்கலாம். மாசா மாசம் தானா போற ஆட்டோபே எல்லாம் கூட்டம் இல்லாத நேரத்துல ஓடணும். காலைல 10 மணியிலிருந்து 1 மணி வரைக்கும், சாயங்காலம் 5 மணியிலிருந்து 9:30 வரைக்கும் பீக் நேரம்.

இது நியூஸ்ல வந்தப்போ நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் "இனிமே பேலன்ஸ் கூடப் பார்க்க விடமாட்டாங்களாம்"னு ஒரே புலம்பல். ஆனா பாருங்க, ஒரு நாளைக்கு 50 தடவை எந்த மனுஷன் பேலன்ஸ் பார்க்கிறான்? அந்த விதி உங்களுக்கும் எனக்கும் போட்டது இல்லை, பின்னாடி ஓயாம ஓடிட்டு இருக்கிற கோடுக்குப் போட்டது. அதே ஆகஸ்ட் மாசம் யூபிஐயில 2000 கோடிக்கும் மேல பரிவர்த்தனை நடந்துச்சு. அந்த அளவுல, யார் யாரை எத்தனை தடவை கேக்கலாம்னு எழுதி வைக்காம ஓட்டவே முடியாது.

அப்போ எங்க ஆரம்பிக்கிறது?

"ப்ரோ, நாங்க பத்து பேர் இருக்கிற ஸ்டார்ட்அப், எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பத்து பேர் ஒரே டேபிள்ல உக்காந்திருந்தா சத்தமா சொன்னாலே போதும். அது வரைக்கும் பெரிய டாக்குமெண்ட் எழுதாதீங்க. ஆனா ஒருத்தர் வேலையை விட்டுப் போற அன்னைக்கே உங்களுக்கு கவர்னன்ஸ் தேவைப்பட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். எங்க நாலாவது ஆள் அப்படித்தான் உருவானான்.

நான் இப்போ இருக்கிற டீம்ல ஆறு விதி வெச்சிருக்கோம். ஆறுதான், ஒரு பக்கத்துல அடங்கிடும்.

முதல் விதி: ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஓனர் உண்டு. ஓனர்னா தனி ஆள் இல்லை, டீம். ஆள் போயிடுவார், டீம் இருக்கும். ஓனர் இல்லாத சர்வீஸ் ப்ரொடக்ஷன்ல ஓடக் கூடாது. ராத்திரி ஓடுற ஸ்கிரிப்ட்டுக்கும் இதே விதிதான்.

ரெண்டாவது: பேர் சொல்லாம யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிடுற ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி அடையாளம், தனி டோக்கன். கடன் வாங்கின டோக்கன் கிடையாது. இது செக்யூரிட்டிக்கு மட்டும் இல்லை. நாளைக்கு நீங்க எதையாவது மாத்தணும்னா யாருக்குச் சொல்லணுங்கிற லிஸ்ட் இதுல இருந்துதான் வரும். ஆள் ஞாபகத்துல இருந்து வர்ற லிஸ்ட்டை நம்பாதீங்க. நான் நம்பித்தான் "மூணு டீம்"னு சொன்னேன்.

மூணாவது: பேச்சு எழுத்துல இருக்கணும். என்ன கேட்டா என்ன பதில் வரும்ங்கிறதை ஓபன்ஏபிஐ மாதிரி ஒரு ஃபார்மட்ல எழுதி, கோடு கூடவே வைக்கணும். யாராவது அதை மாத்தினா, பழைய வெர்ஷனோட ஒப்பிட்டு, கூப்பிடுறவங்களை உடைக்கிற மாற்றமா இருந்தா பில்டே நிக்கணும். இங்க ஒரு எச்சரிக்கை. புதுசா ஒரு ஃபீல்டு சேர்க்கிறது பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனா பதில்களோட பட்டியல்ல புதுசா ஒண்ணைச் சேர்க்கிறது அப்படி இல்லை. பார்க்கச் சாதுவா இருக்கும், எங்களைச் சாய்ச்சது அதுதான். அதனால கூப்பிடுறவங்களுக்கும் சேர்த்து ஒரு வரி எழுதியிருக்கோம். தெரியாத பதில் வந்தா அமைதியா ஒரு முடிவு எடுக்காதே, சத்தம் போடு. அலாரம் அடிக்கட்டும்.

நாலாவது: எல்லை. ஒவ்வொரு காலுக்கும் டைம்அவுட். ரீட்ரை ஒரு இடத்துல மட்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டிக்கிட்டே. ஒருத்தர் நிமிஷத்துக்கு எத்தனை தடவை கூப்பிடலாம்னு ஒரு எண். மூணு அடுக்கு, 27 அடி, ஞாபகம் வெச்சுக்கங்க.

அஞ்சாவது: சாவுக்குத் தேதி. பழைய ஏபிஐ, பழைய ஃப்ளாக், பழைய கோடு, எதை நிறுத்தப் போறோமோ அதுக்கு ஒரு தேதி போடணும். அந்தத் தேதியைப் பதிலோட சேர்த்தே சொல்றதுக்கு "சன்செட்"னு ஒரு ஹெட்டர் 2019-லயே வந்தாச்சு, ஆர்எஃப்சி 8594. ஹெட்டரை யாரும் படிக்க மாட்டாங்கன்னு தோணுதா? அதுக்கும் வழி இருக்கு. 2020-ல கிட்ஹப், பாஸ்வேர்டு வெச்சு ஏபிஐ கூப்பிடுறதை நிரந்தரமா நிறுத்துறதுக்கு முன்னாடி, தேதி சொல்லி, சில மணி நேரம் மட்டும் நிறுத்திப் பார்த்தாங்க. பிரவுன்அவுட்னு பேர். யாருக்கெல்லாம் மெயில் போய்ச் சேரலையோ அவங்க அன்னைக்குத் தானா வெளிய வருவாங்க. கூட்டத்துல ஒளிஞ்சிருக்கிற நாலாவது ஆளைக் கண்டுபிடிக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியலை. நிறுத்தினதுக்கு அப்புறம் கோடையும் எடுத்துடுங்க. பவர் பெக் ஒன்பது வருஷம் தூங்கிட்டு இருந்தது.

ஆறாவது, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: விதிவிலக்கு கேக்கலாம், ஆனா அதுக்கு காலாவதி தேதி உண்டு. ரிலீஸ் தலைக்கு மேல இருக்கும், ஒரு விதியை மீறியே ஆகணும். ஓகே, மீறுங்க. என்ன காரணம், யார் ஒத்துக்கிட்டாங்க, எந்தத் தேதி வரைக்கும், இதை எழுதிடுங்க. தேதி தாண்டினா பில்ட் நிக்கும். விதிவிலக்கே தராத பாலிசியை ஆளுங்க ஒளிஞ்சு மீறுவாங்க. அப்போ உங்களுக்குத் தெரியாத ஒரு கூட்டம் பின்வாசல் வழியா ஓடிட்டு இருக்கும்.

இந்த ஆறையும் முடிஞ்ச வரைக்கும் மெஷின் பார்த்துக்கிற மாதிரி பண்ணியிருக்கோம். ஓப்பன் பாலிசி ஏஜெண்ட் மாதிரி கருவிகள் இருக்கு. விதியையே கோடா எழுதி, டெப்ளாய் ஆகுறதுக்கு முன்னாடி தானா சரிபார்க்க வைக்கலாம். மெஷின் சொன்னா யாருக்கும் ஈகோ வராது. சீனியர் ஜூனியர் பார்க்காது. மூணு மாசம் ஆன பொண்ணுக்கும் பத்து வருஷ ஆர்க்கிடெக்டுக்கும் ஒரே சிவப்பு விளக்குதான் எரியும்.

மெஷினால முடியாத விஷயமும் இருக்கு. இந்த சர்வீஸ் தேவையா, இதோட எல்லை எங்க முடியணும், இதெல்லாம் மனுஷங்க உக்காந்து பேச வேண்டியது. அந்தப் பேச்சுக்கு நேரம் கிடைக்கணும்னா, டோக்கன் சரியா, டைம்அவுட் இருக்கான்னு பார்க்கிற வேலையை மெஷின் கிட்ட தள்ளிடணும். அதை விட்டுட்டு எல்லாத்துக்கும் ஒரு கமிட்டி போட்டா, நாம 2006-க்கே திரும்பிப் போயிடுவோம். ஒரு விதி வெச்சு ஒரு வருஷம் ஆகியும் அது எதையும் தடுக்கலை, யாருக்கும் உதவலைன்னா, அந்த விதியையும் எடுத்துடுங்க. விதிக்கும் சாவுத் தேதி வேணும்.

கடைசியா ஒண்ணு

இப்போ எங்க டீம்ல ஏதாவது உடைஞ்சா எழுதுற ரிப்போர்ட்ல ஒரு கட்டாயக் கேள்வி வெச்சிருக்கேன்: "எந்த விதி இருந்திருந்தா இது நின்னிருக்கும்? அது ஏன் இல்லை?" ஆளோட பேர் போட அதுல இடமே இல்லை.

போன மாசம் அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் பண்ணேன். இந்த எபிசோட் பண்ணப் போறேன், உன் பேர் சொல்ல மாட்டேன், உனக்கு ஓகேவான்னு கேட்டேன். அன்னைக்கு நான் எழுதாத ரிப்ளையையும் சேர்த்தே எழுதினேன். லேட்டுதான். அவ சொன்னா, "பரவால்லண்ணா, பண்ணுங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு நான் உங்ககிட்ட யாரெல்லாம் யூஸ் பண்றாங்கன்னு கேட்டேன்ல, அதைச் சொல்லுங்க." சொல்லிட்டேன்மா.

அவ கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்ற இடத்துல ஒரு லிஸ்ட் இருந்திருக்கணும், இருந்தது என் ஞாபகம் மட்டும்தான். அதனால நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க சர்வீஸோட லாகைத் திறந்து, கடந்த முப்பது நாள்ல யாரெல்லாம் கூப்பிட்டிருக்காங்கன்னு பாருங்க. நீங்க மனசுல வெச்சிருக்கிற லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு பேர் அதிகமா இருந்தா, அது யார்னு தேடிப் பிடிச்சுப் பேசுங்க. எல்லாப் பேரும் சரியா இருந்தாலும், ஒரே டோக்கனை ரெண்டு பேர் பகிர்ந்துக்கிறாங்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

என்ன கிடைச்சதுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.